பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பேர் வரவழைக்கும் பாடு: நீண்ட நாள் அனுபவம்

பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பேரே கிடைக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். பல வருடம் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேர்பெற்ற மாடல்களுக்கு எங்காவது ஓரிடத்தில் கிடைத்துவிடும். கிடைத்தது பொருந்தாது என்பதுதான் உயிரை வாங்கும் விஷயம். பட்டியலில் வண்டிப் பெயர் சரி, வருடம் சரி, படமும் அச்சு அசலாக இருக்கிறது. பார்சலைப் பிரித்து வைத்துப் பார்த்தால் ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்து முடிக்கும்வரை எஞ்சின் பிரித்தது பிரித்தபடி கிடக்கும்.

இதற்கு முதல் காரணம் வருடக் கணக்கு. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கம்பெனிகள் அடுத்த வருட மாடலை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தயாரிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே 1966 கடைசியில் பதிவான வண்டி 1967 மாடலாக இருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள வருடத்தை நம்பி ஆர்டர் போட்டால் மாட்டிக்கொள்வோம். ட்ரையம்ஃப் 650-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1962 வரை எஞ்சினும் கியர்பாக்ஸும் தனித்தனி. 1963-ல் இரண்டும் ஒரே கூடாக மாறியபோது சிலிண்டர் ஹெட்டுக்கு எட்டு போல்ட்டுக்குப் பதில் ஒன்பது வந்தது. 1971-ல் ஃபிரேமே மாறி, ஆயில் அதற்குள் போய்விட்டது. மூன்றுக்கும் மாடல் பெயர் "போனவில்" (Bonneville) என்றுதான் எழுதியிருக்கும். 1969 மாடலிலிருந்து எஞ்சின் நம்பருக்கு முன்னால் இரண்டு எழுத்து வரும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது மாடல் வருடம். ஆர்டர் போடும்போது எழுத வேண்டியது அந்த நம்பரைத்தான். அதுவும் கூட்டின் வயதைத்தான் சொல்லும். ஐம்பது வருடத்தில் நாலைந்து கை மாறிய வண்டியில் உள்ளே இருக்கும் கேம், கியர், கிளட்ச் எந்த வருடத்துடையது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, பார்ட் நம்பரைப் படிக்கத் தெரியாமல் வண்டிப் பெயரை வைத்துத் தேடுவது. ஹோண்டா நம்பர் ஐந்து, மூன்று, மூன்று என்று மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்கிறது. நடு மூன்று, அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதற்கான குறி; 1969-ல் வந்த சிபி750-க்கு 300. பின்னால் வந்த வேறு மாடல்களின் பட்டியலிலும் நடுவில் 300 உள்ள பாகங்கள் நிறைய உண்டு. வண்டிப் பெயரைப் போட்டுத் தேடுபவருக்கு "ஸ்டாக் இல்லை" என்று வரும்; அதே பாகம் சிபி750 பெயரில் இன்னொரு கடையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். யமஹாவில் முதல் மூன்று குறிகள் (எழுத்தோ எண்ணோ) மாடல், அடுத்த ஐந்து இலக்கம் பாகம், கடைசி இரண்டு திருத்தம். நம்பரை முழுசாகப் போட்டுத் தேடுங்கள். கூடவே அதற்குப் பதிலாக வந்த புது நம்பர் உண்டா என்றும் பாருங்கள். இதில் ஒரு சிக்கல்: பதிலுக்கு வந்த பாகம் சில சமயம் தனியாகப் பொருந்தாது, பக்கத்துப் பாகத்தையும் சேர்த்து மாற்றினால்தான் உட்காரும். இதைப் பல கடைகள் பட்டியலில் எழுதுவதே இல்லை.

போல்ட்டின் மரை (திரெட்) விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், அதிகம் பாழாவது இங்கேதான். பழைய பிரிட்டிஷ் வண்டி ஒன்றிலேயே மூன்று நான்கு வகை மரை இருக்கும்; சைக்கிள் திரெட், பிஎஸ்எஃப் இரண்டும் பழைய பிரிட்டிஷ் வகை, யுஎன்எஃப் பின்னால் வந்த பொது வகை. 5/16 அங்குல போல்ட்டில் சைக்கிள் திரெட் என்றால் அங்குலத்துக்கு 26 மரை, பிஎஸ்எஃப் என்றால் 22, யுஎன்எஃப் என்றால் 24. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். இந்த 5/16 என்பது 7.94 மி.மீ.; கையில் இருக்கும் 8 மி.மீ. போல்ட் அந்த ஓட்டையில் இரண்டு சுற்று இறங்கிவிட்டு இறுகும். அழுக்கு என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அலுமினியக் கூட்டின் மரை போல்ட்டோடு வெளியே வந்துவிடும். கால் அங்குலத்தில் இன்னும் மோசம். பிஎஸ்எஃப், சைக்கிள் திரெட் இரண்டுக்கும் 26 மரைதான். ஆனால் பிஎஸ்எஃப் மரையின் கோணம் 55 டிகிரி, சைக்கிள் திரெட்டின் கோணம் 60. கையால் சுகமாக இறங்கும், முறுக்கும்போது பாதி பிடிப்பில்தான் நிற்கும், ஓட ஓடக் கழன்றுவிடும். 1968, 69 வாக்கில் பிஎஸ்ஏ, ட்ரையம்ஃப் வண்டிகள் படிப்படியாக யுஎன்எஃப்-க்கு மாறின. அந்த வருட வண்டிகளில் ஒரே எஞ்சின் கவரில் இரண்டு வகையும் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஜப்பான் வண்டி என்றால் எல்லாம் மெட்ரிக், கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. 1960-களின் பிற்பகுதி வரை 5 மி.மீ. ஸ்க்ரூவின் மரை இடைவெளி 0.9, பின்னால் அது 0.8 ஆனது. 4 மி.மீ. 0.75-லிருந்து 0.7-க்கு வந்தது. மரையை அளக்கும் ஒரு திரெட் கேஜும் விட்டத்தை அளக்கும் ஒரு வெர்னியரும் இல்லாமல் போல்ட் ஆர்டர் போடவே கூடாது.

அடுத்து கார்புரேட்டர் கிட், அதாவது கார்புரேட்டருக்குள் மாற்றும் ஜெட், நீடில், ரப்பர் எல்லாம் சேர்ந்த பொட்டலம். விலை குறைவு, எல்லா மாடலுக்கும் கிடைக்கும், எல்லோரும் முதலில் வாங்குவதும் இதைத்தான். டூப்ளிகேட் கிட்டைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் கறாரானது: அதில் உள்ள பித்தளைச் சாமான் எதையும் போடாதீர்கள். பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டில் 110 என்று குத்தியிருக்கும், துளை 110-க்கு இருக்காது. நீடில் ஜெட்டின் பக்கவாட்டில் உள்ள காற்றுத் துளைகள் எண்ணிக்கையிலும் உயரத்திலும் மாறியிருக்கும். நீடிலின் கூம்பு வேறாக இருக்கும். ஐடிலில் நன்றாகவே நிற்கும். கால் திராட்டிலில் திணறும், முழுத் திராட்டிலில் புகை தள்ளும் அல்லது பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். பழைய ஜெட் பெரும்பாலும் தேய்ந்திருக்காது, அடைத்துத்தான் இருக்கும். மெல்லிய செப்புக் கம்பி ஒற்றை இழையாலும் கிளீனராலும் சுத்தம் செய்து அதையே திரும்பப் போடுங்கள். கம்பெனி ஜெட் புதிதாக வாங்கினாலும், மிக்குனி, கெய்ஹின் என்ற இரண்டு ஜப்பான் கார்புரேட்டர் கம்பெனிகளின் நம்பரும் ஒரே கணக்கு அல்ல என்பது நினைவிருக்கட்டும்.

கிட்டில் உள்ள ரப்பரையும் அளந்த பிறகே போட வேண்டும். ஜப்பான் ஓ-ரிங்கின் தடிமன் 1.9, 2.4, 3.5 மி.மீ. என்று போகும். அமெரிக்க அளவு 1.78, 2.62, 3.53. கிட் போடுபவர்கள் கையில் இருப்பதைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். 1.9-க்குப் பதில் 1.78 வந்தால் பெட்ரோல் கசியும். 2.4-க்குப் பதில் 2.62 வந்தால் பள்ளத்தில் உட்காராமல் பிதுங்கி, மூடும்போது கிழியும். காட்சிக்கு இரண்டும் ஒரே கறுப்பு வளையம். மிதவை நீடிலை (பெட்ரோல் வரத்தை மூடித் திறக்கும் ஊசி) போட்ட பிறகு, கார்புரேட்டரை வண்டியில் ஏற்றும் முன்பே கிண்ணத்தின் வடிகால் துளையில் கண்ணாடிக் குழாய் மாட்டி மேல்நோக்கிப் பிடித்து, பெட்ரோல் மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மட்டம் ஏறிக்கொண்டே போனால் அந்த நீடிலும் அது உட்காரும் சீட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

கம்பெனிப் பெட்டியோடு கிடைக்கும் பழைய ஸ்டாக்கைப் பார்த்தாலே ஆசை வரும். கியர், கேம், ஷாஃப்ட், புஷ் (ஷாஃப்ட் சுற்றும் உலோகக் குழல்) மாதிரி இரும்பு, பித்தளைச் சாமான் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். இன்றைய டூப்ளிகேட்டைவிடப் பல மடங்கு நாள் வரும். ஆனால் ரப்பர் எதையும் பழைய ஸ்டாக்கில் வாங்கக் கூடாது. பெட்டிக்குள்ளேயே கெட்டியாகிப்போன ஆயில் சீலின் உதடு ஷாஃப்டைப் பிடிக்காது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இது வெறும் கசிவோடு நிற்காது. கிராங்க் சீல் வழியாகக் காற்று நுழைந்தால் கலவை மெலிந்து, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். சீலை உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்ற மூன்று அளவை வைத்துப் புதிதாகவே வாங்குங்கள். சூடான இடத்துக்கு "விட்டான்" (Viton) என்ற சூடு தாங்கும் ரப்பரில் செய்த சீல்தான் சரி. கண்டென்சர், டயர் இரண்டும் பழைய ஸ்டாக்கில் வாங்கக் கூடாத ரகம்தான். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஒட்டும் பெயர்ந்திருக்கலாம். அதைத் தேய்ப்பதோ ஊதுவதோ வேண்டாம். பேரிங்கைப் பொறுத்தவரை மனத்துக்கு நிம்மதி. ஓரத்தில் 6204 என்று இருந்தால் 20, 47, 14 மி.மீ. என்று உலகம் முழுக்க ஒரே அளவு, எந்த நல்ல பேரிங் கடையிலும் கிடைக்கும். கிராங்குக்கு வாங்கும்போது பழையதில் சி3 (உள்ளே சற்று அதிக இடைவெளி உள்ள வகை) என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அதையே கேட்டு வாங்க வேண்டும்.

பிஸ்டனில் ஒரே விதி: பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் சிலிண்டரின் போரை (உள் துளையை) கடைந்து பெரிதாக்கக் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் பிஸ்டன் தலையில் 20 என்று இருந்தால் அது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஜப்பானில் 0.25, 0.50 என்று மி.மீ.யிலேயே போகும். "இரண்டாம் ஓவர்சைஸ்" என்று வாயால் சொல்லி ஆர்டர் போட்டால் தப்பான அளவு வந்து சேர வாய்ப்புண்டு. வந்ததும் பிஸ்டன் பின்னின் (pin) விட்டத்தையும், அந்தப் பின்னின் நடுவிலிருந்து தலை வரையுள்ள உயரத்தையும் பழையதோடு ஒப்பிடுங்கள். உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் வால்வ் இடிக்கலாம். ரிங்கை போருக்குள் தள்ளி அதன் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். காற்றில் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 25 மி.மீ. போருக்கு 0.1 மி.மீ. என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், 71 மி.மீ. போருக்கு 0.28 வரும். டூப்ளிகேட் ரிங்கில் இது பாதிகூட இல்லாமல் வருவதுண்டு. அப்படியே போட்டால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி ரிங் உடையும், சிலிண்டரில் கோடு விழும்.

ஆர்டர் போடும் முறைக்கு வருவோம். கேட்டலாக் பார்த்து முதலில் வாங்கிவிட்டுப் பிறகு எஞ்சினைப் பிரிப்பது தலைகீழ் வேலை. முழுசாகப் பிரித்து, கழுவி, அளந்து, பட்டியல் எழுதி, ஒரே தடவையில் ஆர்டர் போடுங்கள். பெரிய சாமானை யாரும் மறப்பதில்லை. பிஸ்டன் பின்னை வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப், மடக்கும் வாஷர், காட்டர் பின் போன்றவைதான் விடுபட்டு, பத்து கிராம் பொருளுக்காக இன்னொரு பார்சல் கூலியும் பல வாரமும் போகும். சர்க்ளிப்பைக் கழற்றினால் மறுபடி போடக் கூடாது, ஆகவே இரட்டிப்பாக வாங்குங்கள். கேஸ்கெட் செட்டும் அப்படித்தான். செப்பு வாஷருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும். கடைக்காரருக்கு எழுதும்போது ஸ்கேல் பக்கத்தில் வைத்த படமும் அளவும் அனுப்பி, "ஸ்டாக் கையில் இருக்கிறதா, வரவழைத்துத் தருவீர்களா" என்று நேரடியாகக் கேளுங்கள். பல தளங்களில் "உள்ளது" என்றால் வேறொருவரிடம் உள்ளது என்றுதான் அர்த்தம். பார்சல் வந்த அன்றே அளந்து பாருங்கள். ஒரு தடவை மாட்டிக் கீறல் விழுந்துவிட்டால் யாரும் திரும்ப எடுப்பதில்லை.

எங்குமே கிடைக்காத புஷ், ஸ்பேசர், ஷாஃப்டை லேத்தில் செய்துகொள்ளலாம். புஷ்ஷுக்கு பாஸ்பர் பிரான்ஸ் சரியாக இருக்கும். ஷாஃப்டுக்கு எது கிடைக்கிறதோ அதைப் போடாமல் ஈஎன்24 மாதிரி வலுவான எஃகு என்று சொல்லிக் கொடுங்கள். தேய்ந்த சாம்பிளை மட்டும் கொடுத்தால் தேய்ந்த அளவிலேயே புதுசு வரும். ஆகவே ஷாஃப்டைப் பேரிங் ஓடாத ஓரத்தில் அளந்து, அந்த எண்ணைத் தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். புஷ்ஷின் உள்விட்டத்தைக் கடைசி அளவுக்கு லேத்திலேயே முடிக்கச் சொல்லாதீர்கள். கூட்டில் அடித்து ஏற்றும்போது அது சுருங்கும். கொஞ்சம் மிச்சம் வைத்து, ஏற்றிய பிறகு ரீமர் (துளையை நுணுக்கமாகக் கடையும் கருவி) போட்டு ஷாஃப்டுக்குத் தக்கபடி எடுத்தால்தான் கையால் சுற்றும்போது பிடிக்காமல் ஓடும்.