எவன்ஸ்வில் ஆட்டர்ஸ்: பேஸ்பாலைக் கிட்டத்தில் பார்க்க நல்ல இடம்

செயின்ட் லூயிஸில் கார்டினல்ஸ் என்ற பெரிய லீக் (அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால் லீக்) அணியின் ஆட்டத்தை மேல்தளத்தில் உட்கார்ந்து, பாதி நேரம் பெரிய திரையையே பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒருமுறை எவன்ஸ்வில்லுக்கு வர வேண்டும். இந்தியானாவின் தென்கோடியில், ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள ஊர். இங்குள்ள ஆட்டர்ஸ், பெரிய லீக் அணி எதற்கும் கிளையாக இல்லாத தனி அணி. இப்படிப்பட்ட தனி அணிகளின் ஃபிரான்டியர் லீக்கில் 1995 முதல் ஆடுகிறார்கள். 2006, 2016 இரண்டு ஆண்டும் கோப்பை இவர்களுக்குத்தான்.

பாஸி ஃபீல்டைப் பார்க்கவே வரலாம். 1915இல் திறந்த செங்கல் மைதானம். தொழில்முறை ஆட்டம் இன்றும் வழக்கமாக நடக்கும் மைதானங்களில் பாஸ்டனின் ஃபென்வே, சிகாகோவின் ரிக்லி இரண்டும்தான் இதைவிட மூத்தவை. ஜூலை வெயிலில் இருக்கைகளுக்கு மேலுள்ள கூரையின் நிழல் பெரிய ஆறுதல். கூரையைத் தாங்கும் தூண் மறைக்காத இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள்.

நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்தோம். அடுத்து ஆட வேண்டியவர் மட்டையில் எடை வளையத்தை மாட்டிச் சுழற்றிக்கொண்டே, பந்து வீசும் பிட்சரின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முறை வந்ததும் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் ஒரு தட்டு, வளையம் கழன்று விழுந்தது. மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையுறையில் பந்து விழும் 'பட்' சத்தத்துக்கு என் மகள் ஒவ்வொரு தடவையும் துள்ளினாள். அம்பயரிடம் கேட்சர் முணுமுணுப்பதுகூடக் காதில் விழுகிறது.

இந்த ஆட்டத்தில் விறுவிறுப்பு குறையாததற்குக் காரணம் இருக்கிறது. வீரர்களில் பலர், பெரிய லீக் அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் (டிராஃப்ட்) யாரும் எடுக்காதவர்கள், அல்லது பெரிய அணிகள் விடுவித்தவர்கள். சம்பளம் சொற்பம், ஊர்க்காரர்கள் வீட்டில் தங்கி ஆடுபவர்களும் உண்டு. ஆனால் நன்றாக ஆடினால் சீசன் நடுவிலேயே பெரிய அணி ஒன்று ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போகலாம். இங்கே பந்து வீசிய ஜார்ஜ் ஷெரில் 2008இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பெரிய லீக் அணியின் சார்பாக, சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கே போனார். அதனால் பத்து ரன் பின்தங்கிய அணியிலும் ஒருவர்கூட ஓட்டத்தைக் குறைப்பதில்லை. எனக்கு இந்த அணியைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இன்னிங்ஸ் இடைவெளியில் குழந்தைகளுக்கு விளையாட்டு வைக்கிறார்கள். சாப்பாடு வழக்கமான ஹாட் டாக், நாச்சோஸ்தான். சைவக்காரர்கள் வயிற்றைக் கவனித்துவிட்டு வருவது நல்லது. சீசன் மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. இண்டியானாபோலிஸிலிருந்து கிளம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: ஒரே மாநிலம் என்றாலும் எவன்ஸ்வில்லில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். நிதானமாகவே வரலாம்.