அறுபதுகளின் சாயலில் ஒரு கிட்டார்: மதுரைப் பக்கத்து மேடைகளில் சில வருட அனுபவம்

என் கிட்டாரைக் கிட்டத்தில் பார்க்கிறவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: புதுசு என்கிறீர்கள், கழுத்து ஏன் இப்படிப் பழுப்பேறிக் கிடக்கிறது? பழுப்பு தானாக ஏறவில்லை, ஃபேக்டரியிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் வந்த, ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்து இந்தோனேசியாவில் செய்த சிவப்பு கிட்டார் இது. செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் ஒன்று விளம்பரமாகும், இல்லையென்றால் வசையாகும். கல்யாண மண்டபம், சர்ச், ஊர்த் திருவிழா என்று சில வருடமாக இதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

தோற்றத்தில் குறையே சொல்ல முடியாது. ஸ்ட்ராட் வந்தது 1954-ல். அப்புறம் கார்களுக்கு அடிக்கிற டூபாண்ட் பெயின்டையே எடுத்து ஃபெண்டர் தனி வண்ணங்கள் கொடுக்க ஆரம்பித்தது. என்னுடையதில் இருக்கும் ஃபியஸ்டா ரெட், 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம். முன்பக்கத்து பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு மட்டும் லேசான பச்சை. அந்தக் காலத்தில் அதைச் செல்லுலாய்டில் செய்தார்கள். கடையில் வாங்கும்போது வெள்ளைதான், வருடம் போகப் போகப் பச்சை தட்டியது. கழுத்தின் மீது அடித்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் அப்படியே மஞ்சளானது. ஆக, 1962-ல் ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய கிட்டாரை இவர்கள் நகல் எடுக்கவில்லை. அது பல வருடம் உழைத்து என்ன ஆனதோ, அதை எடுத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய் பெயின்டைச் சுரண்டி, தழும்பு வைத்தே விற்பதும் உண்டு. ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 1995-லேயே ரெலிக் என்று தொடங்கிவிட்டது. இன்னொரு கிட்டார் கம்பெனியான கிப்சன் 2021-ல் மர்ஃபி லேப் என்று வந்தது. கீறலுக்குக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, கொடுக்கிறவர்களோடு சண்டையும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மேல் இந்தக் கிட்டார் பழசாகவே மாட்டேன் என்கிறது. அடித்திருப்பது பாலியூரித்தேன். இடித்தால் சில்லு தெறிக்கும், தேயவே தேயாது. கழுத்தின் மஞ்சள் வந்த அன்று இருந்த அதே மஞ்சள். வயது ஏறியிருப்பது இரும்பில்தான். பாலத்தில், அதாவது உடம்பின் மீது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில், கம்பிக்கு ஒன்றாக ஆறு சேடில்கள் (கம்பி உட்காரும் தாங்கிகள்), வளைத்த தகட்டில் செய்தவை. ஒவ்வொன்றிலும் உயரம் கூட்டிக் குறைக்க இரண்டு பொடித் திருகுகள். வாசிக்கும்போது வலது உள்ளங்கை அங்கேயே கிடப்பதால் சித்திரை வெயிலில் வேர்வை முழுக்க அதில்தான் இறங்குகிறது. தடித்த இரண்டு கம்பிகளின் திருகுகள் துருப்பிடித்து, ஆலன் கீ உள்ளே போனாலும் திரும்ப மறுத்தன. தையல் மெஷின் எண்ணெயை ஊசி நுனியில் ஒரு சொட்டு வைத்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மெல்ல அசைத்துத்தான் எடுத்தேன். இப்போது கச்சேரி முடிந்ததும் பாலத்தைத் துடைக்காமல் பெட்டியில் வைப்பதில்லை.

விரல் பலகை ரோஸ்வுட் இல்லை, இந்தியன் லாரல். நம் ஊர்க் கருமருது. 2017-ல் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வியாபாரம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது பல கம்பெனிகள் மாற்று மரம் தேடின. 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது, ஆனாலும் விலை குறைந்த கிட்டார்களில் லாரல் தங்கிவிட்டது. காது வித்தியாசம் சொல்லவில்லை. வெயில் காலத்தில் கொஞ்சம் வறண்டு வெளுக்கும், லெமன் ஆயில் தடவினால் சரி.

எனக்குப் பிடித்ததெல்லாம் அசலை விட்டு விலகிய இடங்கள்தான். பழைய ஸ்ட்ராடின் விரல் பலகை 7.25 அங்குல ஆரத்தில் நன்றாகக் குவிந்திருக்கும். கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில்) கம்பியை இழுத்தால் ஸ்வரம் நெரிபட்டு நின்றுவிடும். இதில் 9.5 அங்குலம், குவிவு குறைவு. நம் பாட்டுகளுக்கு ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துப் போகிற வேலை நிறைய, அதற்கு இது பெரிய நிம்மதி. எந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சார சிக்னலாக்கும் காந்தச் சுருள்) ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற சுவிட்சும் அப்படித்தான். அசலில் மூன்று நிலைதான். வாசித்தவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கிற அந்த மெல்லிய, கண்ணாடித்தனமான சத்தத்தை எடுத்தார்கள். ஃபெண்டரே ஐந்து நிலை சுவிட்ச் போட்டது 1977-ல். எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாட்டில் வருகிற சுத்தமான கிட்டாருக்கு நான் போய் நிற்பது அந்த நடு நிலைகளில்தான். அசலுக்கு விசுவாசம் என்று மூன்றோடு நிறுத்தியிருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

விசுவாசம் தொல்லையாகிற இடம் பிக்கப். ஆல்னிகோ காந்தம், ஒற்றைச் சுருள். ஒலி நிஜமாகவே அருமை. ஆனால் காந்தத் துண்டுகளின் உயரம் அந்தக் காலத்துக் கணக்கு. அப்போது மூன்றாம் கம்பியான ஜி, மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியாக இருந்தது, அதன் சத்தம் குறைவு என்று அந்தக் காந்தத்தை உயர்த்தி வைத்தார்கள். இன்று நாம் போடுவது வெறும் கம்பி. அதனால் ஜி கம்பி மட்டும் எல்லாக் கார்டிலும் முந்திக்கொண்டு கத்துகிறது. பிக்கப்பைச் சாய்த்து வைத்துப் பார்த்தும் முழுசாக அடங்கவில்லை, கைதான் பழகிக்கொண்டது.

இன்னொன்று இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். சோழவந்தான் பக்கம் ஓர் ஊர்ப் பொங்கலில் மேடையைச் சுற்றி சீரியல் செட் விட்டுவிட்டு எரிகிறது. நான் வால்யூமைத் திறந்ததும் மைக் செட் தம்பி ஓடிவந்தார். “அண்ணே, உங்க லைன்ல ஊய்ங்குதுண்ணே. எர்த் இல்லையா?”

“எர்த்தெல்லாம் இருக்குப்பா. பிக்கப்பே அப்படித்தான்.”

“புதுசு மாதிரி இருக்கு, மாத்திக் குடுக்க மாட்டாங்களா?”

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. கிட்டாரின் கீழ் ஜி 98. அதனால் ஜி ஸ்கேல் பாட்டென்றால் தம்புரா போட்ட மாதிரி ஒப்பேற்றிவிடலாம். ஜி ஷார்ப்பில் பாடகர் ஆரம்பித்தால் தொலைந்தோம். பிறகு பிக்கப் குழிக்குள் செப்பு ஃபாயில் டேப் ஒட்டினேன். கீச்சென்ற பகுதி நன்றாகக் குறைந்தது. அடியில் உறுமுகிற அந்த 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தால் வருவது, ஃபாயிலுக்கு அசையாது. உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றால் குறைகிற ஒரு கோணம் எல்லா மேடையிலும் இருக்கிறது. சவுண்ட் செக் நேரத்தில் நான் சுற்றிச் சுற்றி வருவது அதற்காகத்தான்.

பாலத்தை ஒட்டிய பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கண்ட்ரோல் இல்லை என்பதும் பழைய வயரிங்தான். ஹாரன் ஸ்பீக்கரில் அது காதைக் கிழிக்கும். ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் செய்கிற அண்ணன் ஒருவர் சின்ன வயர்த் துண்டைப் பற்றவைத்துச் சரிசெய்தார், அரை மணி நேர வேலை. மிதக்கும் பாலத்தில், அதாவது பின்புற ஸ்பிரிங்கும் கம்பிகளும் எதிரெதிராக இழுத்து நிறுத்துகிற பாலத்தில், ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் ஸ்ருதி ஏறிவிடும்; மேடையில் அது ஆகாது. பின்புறம் ஸ்பிரிங்கை இறுக்கி, ஆசாரியிடம் தேக்குத் துண்டு சீவி வாங்கி அடைத்துவிட்டேன். ட்யூனிங் சாவிகள் பழைய மாதிரி. கம்பி நுனி தண்டுக்கு நடுவே உள்ள ஓட்டையில் ஒளிந்துகொள்ளும், விரலைக் குத்தாது. இதை எல்லாருமே வைக்கலாம், ஏன் வைப்பதில்லை என்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு கூத்து. இந்த ‘பழைய’ கிட்டாரை நான் சொருகுவது, பழைய வால்வு ஆம்ப் மாதிரி நடிக்கிற டிஜிட்டல் பெடலில். அங்கிருந்து நேரே மிக்சர். மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆல்னிகோவும் தெரியாது, லாரலும் தெரியாது. வித்தியாசம் தெரிவது வீட்டில், ராத்திரி ஹெட்போனில் வாசிக்கும்போது எனக்கு மட்டும்.

வாங்க நினைக்கிறவர்கள் மேடையே பிழைப்பு என்றால், இதே உருவத்தில் இரைச்சல் அடக்கிய பிக்கப்போடு வருகிறதைப் பாருங்கள். வீட்டுக்கு, ரெக்கார்டிங்குக்கு என்றால் இதுவே போதும். கடையில் ஏசி அறைக்குள் கேட்டுவிட்டு வராதீர்கள். வெளியே ட்யூப்லைட், ஃபேன் ஓடுகிற இடத்தில் சொருகிக் கேளுங்கள், எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஜி கம்பியை இழுத்துப் பாருங்கள். என்னுடையதில் முதல் மூன்று ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. மாற்றச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள், கல்யாண சீசன் முடியட்டும்.