நுனாவுட் சட்டமன்றப் பதிவுகள்: படிக்க வேண்டிய இலவச சேவை

கனடாவின் நுனாவுட் சட்டமன்றம் தன் விவாதப் பதிவுகளை, ஹன்சார்ட் என்பார்களே, இணையத்தில் இலவசமாகவே தருகிறது. கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன், மிகவும் பிடித்துவிட்டது.

நுனாவுட், 1999 ஏப்ரல் 1 அன்று உருவான, கனடாவின் வடகோடிப் பிரதேசம். மொத்தம் 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகச் சாலை கிடையாது, விமானம்தான், கனமான சாமான்கள் எல்லாம் கடல்பனி உருகும் கோடையில் கப்பலில் வந்தால்தான் உண்டு. அதனால் உறுப்பினர்கள் எழுந்து கேட்பதும் வீட்டுப் பற்றாக்குறை, தண்ணீர் லாரி, சுகாதார நிலையத்துக்குச் செவிலியர், பிரசவத்துக்காக ஊரைவிட்டுப் பறக்கும் பெண்கள் என்று அன்றாடப் பாடுதான். கட்சிகளே இல்லாத சபை வேறு, ஒவ்வொருவரும் தன் ஊருக்காகவே வாதாடுவது வரிக்கு வரி தெரிகிறது.

அங்குள்ள பூர்வகுடி இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியிலும் பதிவு வருவதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் உறுப்பினர் என்ன கேட்டார் என்பதைத் தன் மொழியிலேயே படிக்கலாம், இதைவிட என்ன வேண்டும்?

ஒரு சிரமம், கேட்ட கேள்விக்கு அப்புறம் என்ன ஆனது என்று அறிய அடுத்தடுத்த நாட்களின் பதிவுகளையும் பொறுமையாகப் புரட்ட வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் உறுப்பினர் அறிக்கைகள், வாய்மொழிக் கேள்விகள் என்ற இரண்டு பகுதிகளிலிருந்தும் தொடங்குங்கள்.