காகிதமா, ஃபிலிமா: ஊசித்துளை கேமராவுக்குள் எதை வைப்பது?

டப்பா, அலுமினியத் தகடு, ஊசி, கருப்பு டேப். இவை இருந்தால், லென்ஸ் இல்லாமல் ஊசித்துளை வழியே படம் பிடிக்கும் கேமரா தயார். உள்ளே ஒளி பட்டால் படம் பதியும் போட்டோ காகிதமா, 35 மி.மீ. ஃபிலிமா என்பதில்தான் தடுமாற்றம்.

துளை 0.3 மி.மீ., துளைக்கும் காகிதத்துக்கும் இடையே 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எஃப் எண், அதாவது தூரத்தைத் துளையின் அளவால் வகுத்தது, 167 அளவில் வரும். ஒளியை எவ்வளவு வேகமாக உணரும் என்பதைச் சொல்லும் எண் ஐஎஸ்ஓ. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு ஓரிரு விநாடி போதும். காகிதத்தின் வேகம் ஐஎஸ்ஓ 5 அளவுதான். இருபது விநாடிக்கு மேல் திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மெதுவே ஒரு வசதி. மூடியைக் கையால் நிதானமாக எடுத்து மூடலாம், ஒரு விநாடி பிசகினாலும் படம் கெடாது.

காகிதத்தைச் சிவப்பு விளக்கில் வெட்டலாம், டப்பாவின் வளைவோடு ஒட்டலாம். கழுவும்போது, தட்டில் வெள்ளையாகக் கிடந்த தாளில், ஒளியும் இருளும் தலைகீழான நெகட்டிவாக, மரத்தின் கிளைகள் மெல்லக் கருப்புக்கு நடுவே வெளுப்பாகத் தெளியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும். குறை என்னவென்றால், ஒரு டப்பாவுக்கு ஒரே படம். காகிதம் நீல ஒளியைத்தான் அதிகம் உணர்வதால், நெகட்டிவைத் திருப்பி நேர்ப்படமாக்கினால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும்.

ஃபிலிமில் மேகம் தெரியும், சுருள் முழுக்க எடுக்கலாம், கழுவ லேபில் கொடுத்துவிடலாம். ஆனால் தீப்பெட்டியில் செய்த கேமராவில் ஃபிலிமை எவ்வளவு சுற்றினோம் என்று தெரியாமல் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

முதல் கேமரா என்றால் காகிதமே. தவறு எங்கே என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பயணத்துக்கு ஃபிலிம்.