தொப்புள்கொடி ரத்தச் சேமிப்பு: பணம் கட்டிய ஒரு அம்மாவின் விமர்சனம்

மூத்தவள் பிறந்தபோது அவளுடைய தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கி ஒன்றில் சேமித்தோம், அதிலுள்ள ஸ்டெம் செல்கள் (புது ரத்தத்தை உருவாக்கும் மூல செல்கள்) பின்னால் நோய் வந்தால் உதவும் என்று. கம்பெனி பெயர் வேண்டாம். இப்போது இரண்டாவது குழந்தைக்கு ஏழாம் மாதம், பழைய கஸ்டமருக்குத் தள்ளுபடி என்று அங்கிருந்து வாரம் ஒரு போன் வருகிறது. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஏன் என்று எழுதி வைத்தால், வளைகாப்பு முடிந்து கையில் புரோஷரோடு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் நல்லது. தெர்மாகோல் பெட்டி சொன்ன தேதிக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு வலி எடுத்தது ராத்திரி ஒன்றரை மணிக்கு, அந்த நேரத்திலும் போனை எடுத்தார்கள், காலையில் ஆள் வந்து பெட்டியை வாங்கிப் போனார். கொடியை வெட்டிய பிறகு எடுப்பதால் எனக்கும் வலி இல்லை, குழந்தைக்கும் ஊசி இல்லை. அப்புறம் பளபளவென்று ஒரு சான்றிதழ்: மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் பத்திரமாக இருக்கிறதாம். கூரியர் வேலையாக மட்டும் பார்த்தால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

சிக்கல், அவர்கள் சொல்லி விற்கிற கதையில். புரோஷரின் முதல் பக்கமே 1988, பாரிஸ், தொப்புள்கொடி ரத்தத்தால் பிழைத்த சிறுவன். அதைப் படித்துவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் 50,000 ரூபாய்க்கு மேல் கட்டச் சம்மதித்தார். கதை உண்மை. பாதியோடு நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மீதியை இந்த முறைதான் தேடிப் படித்தேன்.

அந்த மாற்று சிகிச்சையைச் செய்தவர் எலியான் க்ளூக்மன், பாரிஸ் சான் லூயி மருத்துவமனையின் டாக்டர். பையன் அமெரிக்காவைச் சேர்ந்தவன், 5 வயது, ஃபான்கோனி அனீமியா என்ற, மஜ்ஜை செயலிழந்துபோகும் பரம்பரை நோய். அவனை ஏன் அட்லாண்டிக் தாண்டிக் கூட்டிப்போனார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எலும்புக்குள் ரத்தம் உருவாகும் இடம்தான் மஜ்ஜை; வேறொருவர் மஜ்ஜையையோ, அதற்குப் பதிலாகக் கொடி ரத்தத்தையோ ஏற்றுவதற்கு முன்னால் பழைய மஜ்ஜையை அழிக்கக் கடுமையான கீமோ கொடுப்பார்கள். ஃபான்கோனி குழந்தைகளின் செல்களுக்கு டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்யத் தெரியாது, வழக்கமான அளவைக் கொடுத்தால் மருந்தே ஆளைக் கொன்றுவிடும். க்ளூக்மன் அதற்குப் பல வருடங்கள் முன்பே இந்தக் குழந்தைகளுக்கு மட்டும் அளவை வெகுவாகக் குறைத்துக் கொடுக்கும் முறையை உருவாக்கியிருந்தார். கொடி ரத்தம் புதுசு, ஆனால் அதை ஏற்றுகிற கைக்கு அந்த நோய் பழக்கம். இந்த உழைப்பைப் பற்றி புரோஷரில் ஒரு வரி இல்லை, ஏதோ உறைபனிப் பையே குழந்தையைக் காப்பாற்றிய மாதிரி!

அடுத்தது இன்னும் முக்கியம். அந்த ரத்தம் பையனுடையது அல்ல, புதிதாகப் பிறந்த அவன் தங்கையுடையது. அவளுக்கு அந்த நோய் இல்லை, திசுவும் பொருந்துகிறது என்று கருவிலேயே பரிசோதித்துத் தெரிந்துகொண்டு, பிறந்ததும் சேகரித்து, ஹால் ப்ராக்ஸ்மையர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உறையவைத்து பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். அவன் சொந்தக் கொடி ரத்தம் இருந்திருந்தாலும் பயன் கிடையாது, அதிலும் அதே மரபணுக் கோளாறுதானே இருக்கும்? தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கும் இதே கதைதான். எங்களிடம் விற்றதோ "உங்கள் குழந்தைக்கே உங்கள் குழந்தையின் காப்பீடு".

சரி, அக்கா தங்கைக்கு உதவுமே என்று கேட்கலாம், நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். உதவும், உடன்பிறந்தவருக்குத் திசு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. ஆனால் அப்படிப் பொருந்துகிற அக்கா வீட்டிலேயே இருக்கும்போது மஜ்ஜையைப் பிற்பாடு அவளிடமிருந்தே எடுக்கலாம். வேலூர் சிஎம்சியில் 1986-லேயே மஜ்ஜை மாற்று ஆரம்பித்துவிட்டார்கள், ஃப்ரீசரை நம்பி அல்ல.

க்ளூக்மனிடம் எனக்குப் பிடித்தது, முதல் வெற்றியோடு கடை பரப்பாமல் கணக்குப் பார்த்தது. யூரோகார்ட் என்ற அமைப்பு மூலம் 45 மையங்களில் நடந்த 143 கொடி ரத்த மாற்றுகளின் முடிவுகளைத் திரட்டி 1997-ல் வெளியிட்டார்: ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், உறவினரின் ரத்தம் பெற்றவர்களில் 63 சதவீதம், வெளியார் ரத்தம் பெற்றவர்களில் 29 சதவீதம். அதற்குப் பிறகு சிகிச்சை நிறைய முன்னேறியிருக்கிறது, அது வேறு. மோசமான எண்ணையும் சேர்த்து அச்சிட்டாரே, அதைச் சொல்கிறேன். எங்கள் புரோஷரில் ஒரு சதவீதக் குறி கூட இல்லை, தள்ளுபடியைத் தவிர.

அப்படியானால் யாருக்குத்தான் இது? வீட்டில் ஏற்கெனவே தலசீமியா மாதிரி நோயோடு ஒரு குழந்தை இருந்து, அடுத்தது வயிற்றில் இருந்தால், யோசிக்காமல் உங்கள் ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலும் தனியார் சேமிப்புக்கு இடம் கொடுப்பது ஏறக்குறைய அந்த மாதிரி குடும்பங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் ராத்திரி போன் எடுத்த பெண்ணுக்காக.

போன வாரம் அழைத்த பையனிடம், "தம்பி, பாரிஸில் ஏற்றியது யாருடைய ரத்தம்?" என்று கேட்டேன். "குழந்தையோடதுதான் மேடம்" என்றான். எந்தக் குழந்தை என்று கேட்டதும் சீனியரை லைனில் போடுகிறேன் என்றான், பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, நானே வைத்துவிட்டேன்.