வேவா, ஃபிளாக்கா? மூலப் பதிவை எதில் வைப்பது

மூல ஒலிப்பதிவுகளை வேவாகவே (WAV, சுருக்காத ஒலிக் கோப்பு) வைத்திருப்பதா, ஃபிளாக்குக்கு (FLAC, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு) மாற்றிவிடுவதா? நான் மாற்றிவிட்டவன். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எம்பி3 இந்தப் போட்டியிலேயே இல்லை. கேட்கவும் அனுப்பவும் அது போதும். ஆனால் என்கோட் செய்யும்போது, அதாவது சுருக்கி எழுதும்போது, கழித்துவிட்டது போனதுதான். 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ சிடி தர வேவாக விரித்தால் கோப்பு 11 மடங்கு பெருக்கும், தரம் துளியும் ஏறாது. ஃபிளாக் ஆக்கினாலும் அதே கதை. கையில் எம்பி3 மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைத் தொடாமல் அப்படியே வையுங்கள்.

இடத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சிடி தர ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி, ஃபிளாக் பெரும்பாலும் அதில் பாதி முதல் 70 சதவீதம் வரை. ஒரே மைக்கில் பதிந்ததை இரண்டு சேனலிலும் போட்டிருந்தால் இன்னும் சுருங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பூஜ்யம் என்பதை என்கோடர் பிடித்துக்கொள்ளும். ஃபிளாக்கில் 0 முதல் 8 வரையுள்ள சுருக்க நிலைகளைத் தரம் என்று நினைத்துக் குழம்பாதீர்கள். எல்லாமே இழப்பற்றவை. 8-இல் என்கோட் நேரம் கூடும், கோப்பு கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவே. இடத்துக்காக மட்டும் என்றால் நான் மாறியிருக்கவே மாட்டேன்.

என்னை மாற்றியது வேறு கேள்வி: கோப்பு கெட்டுப்போனால் அது நமக்குத் தெரியவருமா?

டிஸ்கிலோ நகலெடுக்கும்போதோ ஒரே ஒரு பிட் புரண்டுவிடுகிறது என்று வையுங்கள். வேவில் அது சாம்பிளின் (ஒரு கணத்தின் ஒலி அளவைக் குறிக்கும் எண்) மேல் பிட்டாக இருந்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம், கீழ் பிட்டாக இருந்தால் காதுக்கே எட்டாது. எப்படியானாலும் பிளேயர் வாய் திறக்காது, ஏனென்றால் சரிபார்ப்பதற்கென்று வேவுக்குள் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. கெட்ட கோப்பையே அடுத்த பேக்கப்பும் விழுங்கிக்கொள்ளும். நல்ல நகல்கள் ஒவ்வொன்றாக மேலெழுதப்பட்ட பிறகுதான் யாராவது கேட்டுப் பார்ப்பார்கள்.

ஃபிளாக்கில் இதற்கு இரண்டு காவல். ஒவ்வொரு ஃபிரேமின் (ஒலியின் சிறு துண்டு) முடிவிலும் 16 பிட் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண். கோப்பின் தலைப்பில் ஒலி முழுவதற்குமான எம்டி5 என்ற, கைரேகை போன்ற சரிபார்ப்பு எண். இந்த எம்டி5 கோப்புக்கானதல்ல, விரித்த ஒலிக்கானது. விசேஷமே அதில்தான். டேக்கைத் திருத்தலாம், அட்டைப்படம் சேர்க்கலாம், 5-ஆம் நிலையில் இருந்ததை 8-க்கு மாற்றலாம், எம்டி5 அசையாது. வேவுக்கும் தனியாக ஹாஷ் (எம்டி5 போன்ற சரிபார்ப்பு எண்) பட்டியல் போடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் ஒரு டேக்கைத் தொட்டாலே முழுக் கோப்பின் ஹாஷ் மாறிவிடும், கோப்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் பட்டியல் பின்னாலேயே வராது. கடைசியில் பதிவைவிடப் பட்டியலைப் பராமரிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

ஃபிளாக் நிரலின் டெஸ்ட் ஆப்ஷனை ஒரு ஃபோல்டரின் மேல் ஓட்டினால் ஒவ்வொரு கோப்பையும் விரித்துப் பார்த்து, சரியா பிழையா என்று வரிவரியாகச் சொல்லும். எம்டி5 பதியப்படவில்லை என்று எச்சரித்தால், என்கோட் செய்தபோது வெளியீடு நேராகக் கோப்புக்குப் போகாமல் பைப் வழியாக இன்னொரு நிரலுக்குப் போயிருக்கலாம். அப்போது என்கோடரால் தலைப்புக்குத் திரும்பி வந்து எழுத முடியாது. அந்தக் கோப்பையே இன்னொரு முறை ஃபிளாக் ஆக என்கோட் செய்தால் எம்டி5 ஏறிவிடும்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அடிபட்டபின் தாங்குவது வேவ்தான். அங்கே போவது ஒரு சாம்பிள். ஃபிளாக்கில் வழக்கமாக 4096 சாம்பிள் கொண்ட முழு ஃபிரேமும், அதாவது சிடி தரத்தில் சுமார் 0.09 விநாடி, போய்விடும். ஃபிளாக் பழுதைக் காட்டிக்கொடுக்கும், சரிசெய்யாது. இரண்டாவது நகல் இல்லாதவருக்கு அந்த எச்சரிக்கையால் பெரிய பயன் இல்லை.

மாற்றும்போது எடிட்டர் வழியாகப் போகாதீர்கள். அதில் டிதர் (நுண்ணிய இரைச்சல் சேர்ப்பது) இயங்கிக்கொண்டிருந்தால் 16 பிட் கோப்பு பிட்டுக்குப் பிட் அதேபோல் வெளியே வராது. என்கோடரிடம் நேராகக் கொடுங்கள், வெரிஃபை ஆப்ஷனோடு. எழுத எழுத விரித்து மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளும். சாம்பிள் ரேட்டிலும் பிட் ஆழத்திலும் கை வைக்க வேண்டாம். ஃபீல்டு ரெக்கார்டரில் பதிந்த வேவில் டைம்கோடு (பதிந்த நேரக் குறிப்பு) இருந்தால் அந்நிய மெட்டாடேட்டாவை, அதாவது ஒலியோடு கூட வரும் இத்தகைய தகவல்களை, காக்கும் ஆப்ஷனும் வேண்டும். பிறகு வேவாக விரிக்கும்போதும் அதே ஆப்ஷனைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டைம்கோடு வெளியே வராது. டெஸ்ட் முடிந்து, இரண்டாவது டிஸ்கில் நகலும் ஏறிய பிறகு வேவை அழிக்கலாம்.

வேவுக்கு உரிய இடம் எடிட்டிங் மேசை. 32 பிட் ஃப்ளோட்டில் (தசம எண்களில்) வேலை செய்தால் வேறு வழியும் இல்லை, ஏனென்றால் ஃபிளாக் முழு எண்களை மட்டுமே ஏற்கும். 0 டெசிபல் என்ற உச்சவரம்பைத் தாண்டிய உச்சங்கள் ஃப்ளோட்டில் பத்திரமாக இருக்கும். முழு எண்ணுக்கு மாற்றிய கணமே தலை வெட்டுப்படும். அப்படிப்பட்டதை அளவு குறைத்துவிட்டு மாற்றுங்கள், அல்லது ஃப்ளோட்டையே சேமிக்கும் வேவ்பேக்கில் வையுங்கள். வேவுக்கும் ஒரு சுவர் உண்டு: அதன் தலைப்பு 4 ஜிபிக்கு மேல் எண்ணாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியதுமே அதில் முட்டிக்கொள்வீர்கள்.

ஆப்பிள் கருவிகளோடு மட்டுமே புழங்குபவருக்கு என் தீர்ப்பு இவ்வளவு உறுதியாகப் பொருந்தாது. அங்கே மியூசிக் செயலி ஃபிளாக்கை நூலகத்தில் சேர்த்துக்கொள்ளாது, ஆப்பிளின் சொந்த வடிவமான ஏஎல்ஏசியைச் சேர்த்துக்கொள்ளும். அதுவும் இழப்பற்றதுதான், ஃபிளாக்கைப் போல முழு ஒலிக்குமான எம்டி5 மட்டும் அதில் இல்லை. மூலத்தை ஃபிளாக்கில் வைத்து, கேட்பதற்கு ஏஎல்ஏசி நகல் ஒன்று எடுத்துக்கொண்டால் போதும்.