முன் சக்கரத்துக்கு அசெகாய்: நம்ம ஊர் ஈரத் தடங்களில்

மேக்சிஸ் அசெகாய் என்ற மலைச் சைக்கிள் டயரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம், முன் சக்கரத்துக்கு மட்டும். நான் போட்டிருப்பது 29க்கு 2.5 அங்குலம், மேக்ஸ்கிரிப் என்ற மென்மையான ரப்பர், எக்சோ பிளஸ் என்ற பலப்படுத்திய டயர் உடல் வகை. விலை நூறு வெள்ளிக்குப் பக்கமாக வரும், கடைக்குக் கடை மாறும்.

இது தென்னாப்பிரிக்க டவுன்ஹில் (மலைச்சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்கும் போட்டி) வீரர் கிரெக் மினாரோடு சேர்ந்து உருவாக்கிய டயர். 163 மீட்டர் உயரமுள்ள நம்ம சிங்கப்பூரின் புக்கித் தீமா குன்றுக்கு டவுன்ஹில் டயர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நமக்குப் பிரச்சினை உயரமே இல்லை. மழை பெய்து ஓய்ந்த களிமண், வழுவழுப்பான வேர்கள், நடுநடுவே கருங்கல். வேகம் குறைவாக இருந்தாலும் முன் சக்கரம் வழுக்கினால் விழ வேண்டியதுதான். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம்.

இந்த டயரின் சிறப்பு, மேலே துருத்தி நிற்கும் ரப்பர்ப் பட்டன்கள் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. பல முன் டயர்களில் நடுப் பட்டன்களுக்கும் ஓரப் பட்டன்களுக்கும் இடையே அகலமான வெற்றிடம் இருக்கும். சைக்கிளை நன்றாகச் சாய்த்தால்தான் ஓரப் பட்டன் மண்ணில் இறங்கும். செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒடுக்கமான தடத்தில் அவ்வளவு சாய்க்க இடமும் இல்லை, வேகமும் இல்லை. பாதிச் சாய்வில், எந்தப் பட்டனும் முழுதாகப் பிடிக்காத இடத்திலேயே திருப்பத்தை முடிக்க வேண்டியிருக்கும். அசெகாயில் அந்த இடைவெளியிலும் பட்டன்கள் உண்டு. எவ்வளவு சாய்த்தாலும் ஏதோ ஒன்று மண்ணைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு விரலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே திரும்பும் என் பழக்கம் இந்த டயர் வந்த பிறகுதான் குறைந்தது.

எங்களோடு ஓட்ட வரும் தம்பி ஒருவர், “அக்கா, டயரை மாத்தினா மட்டும் போதுமா?” என்று கேட்டார். போதாது. முன் சக்கரத்தின் மேல் எடை இருந்தால்தான் எந்த டயரும் பிடிக்கும். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் போகிறது, முன் சக்கரம் லேசாகிறது, லேசானதும் வழுக்குகிறது, பயம் இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை உடைக்க டயர்க் காற்று, ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அதிர்வு தாங்கி), ஹேண்டில்பார் மூன்றையும் பார்க்க வேண்டும்.

என் எடை 68 கிலோ. டியூப்லெஸ்ஸாக (உள் டியூப் இல்லாமல்) போட்டு முன்னால் 21 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் வேரில் பட்டுத் துள்ளுகிறது. தரையில் வைத்து அடிக்கும் பம்ப்பின் முள்ளை இவ்வளவு குறைந்த அளவுக்கு நம்ப முடியாது, சின்ன டிஜிட்டல் கேஜ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

ஃபோர்க்தான் முக்கியம், அதில்தான் பலரும் கை வைப்பதில்லை. என்னுடையது 140 மில்லிமீட்டர் வரை அமுங்கும். கவச உடை, தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு மிதியில் எழுந்து நின்றால் 28 மில்லிமீட்டர் அமுங்கும்படி ஃபோர்க்கில் காற்று வைத்தேன், அதாவது 20 சதவீதம். காற்று கூடினால் ஃபோர்க் இறங்காமல் முன் சக்கரம் மேலே மேலே மிதக்கும். குறைந்தால் பிரேக் பிடித்ததும் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும். அப்புறம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகம். அது மெதுவாக இருந்தால் ஒரு வேரில் அமுங்கிய ஃபோர்க் அடுத்த வேர் வருவதற்குள் எழுந்திருக்காது, கீழேயே தங்கிவிடும். வேர்கள் வரிசையாக வரும் இடத்தில் கை வலித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ரீபவுண்ட் திருகை இரண்டு கிளிக் வேகமாக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பின்பக்க அதிர்வு தாங்கியான ஷாக்கையும் கவனியுங்கள். அது அளவுக்கு மீறி அமுங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன்னால் என்ன செய்தாலும் பலிக்காது.

ஹேண்டில்பாரில் நான் செய்தது சின்ன வேலை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே இருந்த 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையத்தை அதற்கு மேலே மாற்றினேன். நம்ம தடங்களில் நீண்ட செங்குத்து இறக்கங்கள் குறைவு, தட்டையான திருப்பங்கள்தான் அதிகம். அதனால் பார் கொஞ்சம் இறங்குவது நல்லது. புலாவ் உபின் தீவில் உள்ள கெத்தாம் பூங்காவின், கடினம் என்று கறுப்பு வைரக் குறியிட்ட தடங்களையே அதிகம் ஓட்டுபவர் என்றால் இறக்காமல் விட்டுவிடுங்கள். மறுபடி பூட்டும்போது முதலில் மேல்மூடி, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகள். ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்குமேல் இறுக்க வேண்டாம்.

குறை என்றால் உருளும் வேகம். தார்ச்சாலையில் இழுக்கிறது, சத்தமும் போடுகிறது. மேக்ஸ்கிரிப் மென்மையான ரப்பர், சாலையில் சீக்கிரம் தேயும். வீட்டிலிருந்து தடம் வரைக்கும் ஓட்டியே போகிறவர்கள் அதே டயரை மேக்ஸ்டெரா ரப்பரில் வாங்கலாம். பிடி சற்றுக் குறையும், ஆயுள் கூடும். பின் சக்கரத்துக்கு வேகமாக உருளும் வேறு டயர் போதும்.

வாங்குவதற்கு முன் ரிம்மை அளந்து பாருங்கள். இந்த 2.5 அங்குல டயர், உள் அகலம் 30 முதல் 35 மில்லிமீட்டர் வரை உள்ள ரிம்முக்காகச் செய்தது. பழைய ஒடுக்கமான ரிம்மில் போட்டால் டயர் உருண்டையாக உப்பி, ஓரப் பட்டன்கள் தரையைத் தொடும் கோணமே மாறிவிடும்.